சுங்கைப்பட்டாணி எப்படி ‘விவசாயி ஆறு’ ஆனது?

பட்டர்வொர்த் வாசகர் ஒருவர் புலனத்தில் (வாட்ஸ்அப்) கேட்டிருந்தார்: “தம்பி, இப்போ செய்தியெல்லாம் ஏஐ (செயற்கை நுண்ணறிவு) எழுதுதாமே, நம்பலாமா?” கூடவே ஒரு தமிழ்ச் செய்தியின் படம். மலேசியாவின் கெடா மாநிலத்தில் சாலை விபத்து, இடம் ‘விவசாயி ஆறு’. பினாங்கில் பிறந்து வளர்ந்த எனக்கே அப்படி ஓர் ஊர் தெரியாதே என்று விழித்தேன். அப்புறம்தான் உறைத்தது. சுங்கைப்பட்டாணி! நாம் அப்படிச் சொல்லும் கெடா ஊர் மலாயில் ‘சுங்கை பெத்தானி’. சுங்கை என்றால் ஆறு, பெத்தானி என்றால் விவசாயி. மலாய்ச் செய்தியைத் தமிழாக்கிய ஏஐ, ஊர்ப்பெயரையும் சேர்த்து மொழிபெயர்த்துவிட்டது.

இந்தச் சந்தேகம் அவருக்கு மட்டும் இல்லை. ராய்ட்டர்ஸ் இதழியல் ஆய்வு நிறுவனம் 2025இல் 6 நாடுகளில் கேட்டபோது, முழுக்க ஏஐ தயாரித்த செய்தி தங்களுக்குச் சம்மதம் என்றவர்கள் 12 விழுக்காடுதான். முழுக்க மனிதர் தயாரித்தது என்றால் 62. மலேசியா அதில் இல்லை, ஆனால் இங்கே கேட்டாலும் பதில் வெகுதூரம் போகாது என்பது என் ஊகம். எனக்குச் சுவையாகப் பட்டது வேறு. செயற்கைச் செய்தி வாசிப்பாளரை ஏற்பவர்கள் 19 விழுக்காடுதான், மொழிபெயர்ப்புக்கு ஏஐ என்றால் 53. 2023இல் மலேசியச் செய்தித் தொலைக்காட்சி அஸ்ட்ரோ அவானி ஜூன், மோனிகா என்று இரண்டு ஏஐ வாசிப்பாளர்களை இறக்கியது நினைவிருக்கலாம். அந்த மாதிரி முகத்தைக் கண்டு மிரள்கிறோம், மொழிபெயர்ப்பைச் சும்மா விட்டுவிடுகிறோம். நம்மைக் கடித்ததோ மொழிபெயர்ப்பு.

ஏன் கடித்தது? மொழிபெயர்க்கும் இந்த ஏஐ இயந்திரம் எழுத்தை நம்மைப் போல் பார்ப்பதில்லை. ‘சுங்கைப்பட்டாணி’ நமக்கு 8 எழுத்து. கணினிகள் எழுத்துகளுக்கு எண் கொடுக்கும் பொதுமுறையான யூனிகோடில் கொம்பும் காலும் புள்ளியும் தனித்தனிக் குறிகள் என்பதால் அது 15 ஆகிறது. ஒவ்வொரு தமிழ்க் குறியும் கணினியில் வழக்கமாக 3 பைட் (சேமிப்பின் சிறு அலகு), ஆக 45 பைட். அதே ஊரை ஆங்கில எழுத்தில் அடித்தால், நடு இடைவெளியும் சேர்த்து, 13 பைட்டோடு முடிந்தது! அடிக்கடி சேர்ந்து வரும் பைட்டுகளை ஒட்டி ஒரே துண்டாக்கிக்கொள்வது இயந்திரத்தின் வழக்கம். அது படித்ததில் ஆங்கிலம் மலை, தமிழ் மடு. அதனால் ஆங்கிலச் சொல் பெரும்பாலும் முழுசாகத் தங்கும், தமிழ்ச் சொல் கொத்துப் பரோட்டா. புதிதாக வந்த ஏஐகள் கொஞ்சம் தேவலை.

அப்புறம் அது செய்வதெல்லாம், அடுத்து எந்தத் துண்டு வர வாய்ப்பு அதிகம் என்று கணக்குப் போட்டு ஒன்றை எடுத்து வைப்பது, வைத்ததையும் சேர்த்துப் படித்துவிட்டு அடுத்ததை எடுப்பது, மறுபடி மறுபடி. வரைபடத்தை விரித்துப் பார்க்கும் வேலையெல்லாம் அதற்குள் கிடையாது. ‘பெத்தானி’க்கு ‘விவசாயி’ என்று ஆயிரம் இடத்தில் பார்த்திருக்கும், நம் சுங்கைப்பட்டாணியை எங்கோ ஓரிரு இடத்தில். எனவே ‘விவசாயி’, அடுத்து ‘ஆறு’. இங்கேதான் எனக்குப் பிடித்த கூத்து: தான் எழுதியது தவறு என்று அதற்குத் தெரியாது, அதையே ஆதாரமாக வைத்து மேலே போகும். வாசகர் அனுப்பிய படத்தின் இரண்டாம் பத்தியில் லாரி ‘ஆற்றங்கரைச் சாலையில்’ கவிழ்ந்திருந்தது. மலாய் மூலத்தைத் தேடிப் பார்த்தேன், அது நெடுஞ்சாலை. ஆறு என்று ஒன்று வந்துவிட்டால் கரையும் வந்துதானே ஆகவேண்டும்.

ஒரு காலத்தில் கம்ப்யூட்டர் ஜாதகம் என்று அச்சடித்துக் கொடுத்தால், ஜோசியரை நம்பாதவரும் நம்பினார், மெஷின் சொன்னதாயிற்றே என்று. அந்தப் பழக்கம் இன்னும் போகவில்லை. இதைச் சரிசெய்யப் பெரிய ஆராய்ச்சியும் வேண்டாம். மலேசிய ஊர்ப்பெயர்களுக்கு ஒழுங்கான ஒரு தமிழ்ப் பட்டியல் போதும், நாலைந்து மாணவர்களுக்குச் சில மாதச் சம்பளம். மாநாட்டு விருந்துக்கு ஆகிற செலவைவிடக் குறைவாகத்தான் இருக்கும்.

சரி, திருப்பிப் போட்டால் என்ன ஆகும் என்று, ‘சுங்கைப்பட்டாணி’யைத் தமிழில் அடித்து மலாயில் கேட்டேன். சுங்கை காச்சாங் என்றது. பட்டாணிக் கடலை ஆறு.