மதுசாரம்

"தம்பி, இதில எத்தைல் அல்ககோல் எண்டு கிடக்கு. மகன் குடிச்சது தென்னங்கள்ளுத்தானே?"

திருகோணமலை உவர்மலையில் எங்கள் வீட்டுத் திண்ணையில் இருந்தபடி ஓர் ஐயா கேட்டார். கையில் மகனின் குருதிப் பரிசோதனை அறிக்கையின் பிரதி. அவருக்குக் கள்ளு ஒரு சாமான், அல்ககோல் வேறொரு சாமான். அரை லீற்றர் கள்ளில் நூற்றுக்கு 5 பங்கு அல்ககோல் என்று வைத்தாலும் 25 மில்லிலீற்றர் வரும். அது 33 வீதச் சாராயத்தில் 75 மில்லிலீற்றர் குடித்ததற்குச் சமம் என்று கணக்குப் போட்டுக் காட்டினேன். ஆய்வுகூடம் தேடுவது கள்ளையோ சாராயத்தையோ கசிப்பையோ அல்ல, மூன்றிலும் இருக்கிற அந்த ஒன்றை.

அந்த ஒன்றுக்கு உலகம் வைத்த பெயர் அரபிலிருந்து வந்தது. 'அல்' என்பது சுட்டு, 'குஹ்ல்' என்பது கண்ணுக்கு இடும் மை. கிண்ணியாவில் சுறுமா என்பார்களே, அந்த வகை. அஞ்சனக்கல்லை மாவாய் அரைத்த தூள். ஐரோப்பிய இரசவாதிகள் அச்சொல்லை எந்த நுண்தூளுக்கும், பிறகு காய்ச்சி வடித்த எந்தச் சத்துக்கும் ஆண்டார்கள். 16ஆம் நூற்றாண்டில் மருத்துவரும் இரசவாதியுமான பாராசெல்சசு திராட்சை மதுவின் சத்தை 'அல்ககோல் வினி' என்றார். 'வினி' உதிர்ந்தது, மற்றது நிலைத்தது. குடி விலக்கப்பட்டவர்களின் மொழியிலிருந்து கண்மையாகப் போனது குடியாகத் திரும்பி வந்திருக்கிறது!

இலங்கைத் தமிழில் இதற்கு 'மதுசாரம்' என்கிறோம். மதுவின் சாரம். பாராசெல்சசு சொன்னதும் இதைத்தான். மது என்றால் தேன், கள் இரண்டும். திராட்சை மதுவைக் குறிக்கும் கிரேக்க 'மெதி'யும் இதே குடும்பம். 'மெதைல்' அதிலிருந்து 19ஆம் நூற்றாண்டில் கட்டிய சொல். கண்ணைப் பறிக்கிற நஞ்சான மெதனோலின் பெயருக்குள் தேன் இருக்கிறது.

தமிழ்நாட்டில் சிலர் 'வெறியம்' என்பார்கள். எனக்கு ஒப்புதல் இல்லை. வெறி ஆளில் தெரிவது. சாரம் குழாயில் இருப்பது. சட்ட வைத்திய அதிகாரியும் மது மணக்கிறதா, ஆள் வெறியில் நிற்கிறாரா என்று வேறுவேறாகத்தான் பார்ப்பார். பாடநூலில் 'அற்ககோல்' என்பது ஒரு பெருங்குடும்பம். அதில் குடிக்கிற உறுப்பினர் 'எதனோல்', ஐயாவின் அறிக்கையில் இருந்த எத்தைல் அல்ககோல்.

ஆகவே 'குருதி மதுசாரச் செறிவு'. இலங்கையில் சாரதிக்கு எல்லை 100 மில்லிலீற்றர் குருதியில் 80 மில்லிகிராம். ஊசி ஏற்றும் இடத்தை ஸ்பிரிட் பஞ்சால் துடைப்பது தாதியின் கைப்பழக்கம். இந்தப் பரிசோதனைக்கு அது ஆகாது, ஸ்பிரிட்டும் மதுசாரம்தானே. குருதி போகிற சாம்பல் மூடிக் குழாயில் சோடியம் புளோரைட்டு இருக்கும், உள்ளே நொதித்தல் நடக்காதிருக்க.

வெறுமனே 'மதுசார அளவு' என்று எழுதுகிறவர்களோடு எனக்குச் சண்டை உண்டு. எதில் அளந்தது? சீரத்தில், அதாவது குருதி உறைந்தபின் பிரியும் தெளிநீரில், அளந்தால் முழுக்குருதியை விடக் கூடுதலாகக் காட்டும். சிறுநீரிலோ, உடல் உறிஞ்சி முடிந்த பிறகு ஏறக்குறைய 1.3 மடங்கு, அதுவும் ஆளுக்காள் மாறும். சிறுநீர்ப்பையில் தேங்கிய நீர் அது சேர்ந்த மணித்தியாலங்களின் கதையைச் சொல்லுமே தவிர மாதிரி எடுத்த நிமிடத்தின் கதையை அல்ல. நீரிழிவுக்காரரின் சிறுநீரில் சீனியும் மதுவமும் (ஈஸ்ட்) இருந்தால், ஒரு சொட்டும் குடிக்காதவரின் போத்தலுக்குள்ளேயே கள்ளுப் புளிப்பது போலப் புளித்து மதுசாரம் உண்டாகலாம்.

ஐயாவின் பிரதியில் ஆங்கிலச் சொல்லுக்கு மேலே 'குருதி மதுசாரம்' என்று பேனையால் எழுதிக் கொடுத்தேன். எழுத்துக் கூட்டி வாசித்தார்.

"மது விளங்குது தம்பி. சாரம் என்னத்துக்கு?" என்று தன் இடுப்பில் கட்டியிருந்த சாரத்தைக் குனிந்து பார்த்தார்.