தேங்காய் எண்ணெய் உறைகிறது, நல்லெண்ணெய் ஏன் உறைவதில்லை?

மார்கழி விடிகாலையில் தேங்காய் எண்ணெய் பாட்டிலைக் கவிழ்த்தால் ஒரு சொட்டு விழாது. வெள்ளை வெளேரென்று மெழுகு போல இறுகிக் கிடக்கும். ஈர்க்குச்சி விட்டுக் குடைந்தோ, வெயிலில் வைத்து உருக்கியோதான் தலைக்கு எடுக்க வேண்டும். அதே அலமாரியில் பக்கத்திலேயே நிற்கும் நல்லெண்ணெய் மட்டும் எப்போதும் போல ஒழுகும். குளிர் இரண்டுக்கும் ஒன்றுதான். இரண்டிலும் இருப்பவை கார்பன், ஹைட்ரஜன், ஆக்சிஜன் என்ற அதே மூன்று தனிமங்கள்தான். நிறைவுற்ற சேர்மம், நிறைவுறாச் சேர்மம் என்று வகுப்பில் மனப்பாடம் செய்கிறோமே, அந்த வித்தியாசம் கண்ணுக்கே தெரிகிற இடம் இந்த அலமாரி.

கார்பனின் இணைதிறன் 4. அதற்கு நான்கு கைகள் என்று வைத்துக்கொள்வோம். எண்ணெயில் கார்பன்கள் இப்படிக் கைகோத்துச் சங்கிலியாக நிற்கின்றன. சங்கிலியின் நடுவில் நிற்கும் கார்பன் இரண்டு கைகளால் இருபக்கத்துக் கார்பன்களையும் பிடித்திருக்கும். மற்ற இரண்டில் ஹைட்ரஜன். சங்கிலி முழுக்க இப்படியே இருந்தால் அது நிறைவுற்றது. அடுத்தடுத்து நிற்கும் இரு கார்பன்கள் ஆளுக்கொரு ஹைட்ரஜனை விட்டுவிட்டு, காலியான கைகளைத் தங்களுக்குள் கோத்துக்கொண்டால் அங்கே இரட்டைப் பிணைப்பு. அந்தச் சங்கிலி நிறைவுறாதது.

எண்ணெய் மூலக்கூறு ஒவ்வொன்றிலும் கிளிசரால் என்ற சிறிய பகுதியில் மூன்று கொழுப்பு அமிலச் சங்கிலிகள் தொங்குகின்றன. தேங்காய் எண்ணெயில் ஏறக்குறைய பாதி லாரிக் அமிலம்: 12 கார்பன், இரட்டைப் பிணைப்பே கிடையாது. நல்லெண்ணெயில் பெரும்பகுதி ஒலியிக் அமிலமும் லினோலியிக் அமிலமும். இரண்டுக்கும் 18 கார்பன். முன்னதில் ஓர் இரட்டைப் பிணைப்பு, பின்னதில் இரண்டு.

விஷயம் அந்த இரட்டைப் பிணைப்பில்தான் இருக்கிறது. ஒற்றைப் பிணைப்பைச் சுற்றிச் சங்கிலி தாராளமாகத் திரும்பும். இரட்டைப் பிணைப்பு திரும்ப விடாது. தாவர எண்ணெய்களில் இந்தப் பிணைப்பின் இரு ஹைட்ரஜன்களும் ஒரே பக்கத்தில் இருக்கின்றன. இதற்கு சிஸ் அமைப்பு என்று பெயர். அதனால் அந்த இடத்தில் சங்கிலி முழங்கை போல மடங்கி நிற்கிறது. தென்னை ஈர்க்குகளைச் சேர்த்துப் பிடித்தால் ஒன்றோடொன்று ஒட்டி இறுக்கமான கட்டாகிவிடும். வேலிக்காத்தான் சுள்ளிகளைக் கட்டிப் பாருங்கள், எவ்வளவு இறுக்கினாலும் நடுவே சந்து இருக்கும். நேரான சங்கிலிகள் நெருங்கிப் படுக்கும்போது அவற்றுக்கிடையே உள்ள மெல்லிய ஈர்ப்பு நீளம் முழுக்க வேலை செய்து அவற்றைப் பிடித்து வைக்கிறது. மடங்கிய சங்கிலிகளால் அவ்வளவு நெருங்க முடியாது. உறையும்போது எந்த வேதிப்பிணைப்பும் உடைவதில்லை, புதிதாக உருவாவதுமில்லை. மூலக்கூறுகள் அடுக்கிக்கொள்கின்றன, அவ்வளவுதான்.

இதை எண்ணில் பார்க்கும்போது எனக்கு இன்றும் வியப்பு தீரவில்லை. இரட்டைப் பிணைப்பே இல்லாத ஸ்டியரிக் அமிலம், ஓர் இரட்டைப் பிணைப்புள்ள ஒலியிக் அமிலம் இரண்டுக்கும் 18 கார்பன், 2 ஆக்சிஜன். முன்னதில் 36 ஹைட்ரஜன், பின்னதில் 34. ஸ்டியரிக் அமிலம் உருக சுமார் 69 டிகிரி செல்சியஸ் வேண்டும். ஒலியிக் அமிலத்துக்கு 13 டிகிரியே போதும். இரண்டே ஹைட்ரஜன், ஐம்பது டிகிரிக்கு மேல் வித்தியாசம்!

நீளத்துக்கும் பங்கு உண்டு. நேரான சங்கிலிதான் என்றாலும் லாரிக் அமிலம் குட்டை. பிடித்துக்கொள்ள இடம் குறைவு. அது 44 டிகிரியிலேயே உருகிவிடும். தேங்காய் எண்ணெய் சுமார் 24 டிகிரியில் உருகுவதற்கு இந்தக் குட்டைச் சங்கிலிகள் ஒரு முக்கியக் காரணம். மார்கழியில் உறைவதும் சித்திரையில் உறையாததும் அதனால்தான்.

மடங்கிய சங்கிலியை நிமிர்த்தவும் முடியும். நிக்கல் வினைவேக மாற்றியின் உதவியோடு சூடான எண்ணெயில் ஹைட்ரஜன் வாயுவைச் செலுத்தினால் இரட்டைப் பிணைப்புகள் நிறைவுற்று, திரவ எண்ணெய் கெட்டிப்படும். டால்டா என்று நம் வீடுகளில் சொல்லும் வனஸ்பதி இப்படி வந்ததுதான். ஆனால் வினையைப் பாதியில் நிறுத்தும்போது, சில இரட்டைப் பிணைப்புகள் ஹைட்ரஜனை ஏற்காமல் அமைப்பை மட்டும் மாற்றிக்கொள்கின்றன: ஒரே பக்கம் இருந்த ஹைட்ரஜன்கள் எதிரெதிர்ப் பக்கம் போய்விடும். இதுதான் டிரான்ஸ் அமைப்பு. ஒலியிக் அமிலத்தின் டிரான்ஸ் மாற்றியம் எலைடிக் அமிலம். அதே அணுக்கள், அதே எண்ணிக்கை, ஆனால் சங்கிலி கிட்டத்தட்ட நேர். அதனால் உருகுநிலை 13 டிகிரியிலிருந்து 45 டிகிரிக்கு அருகே ஏறிவிடுகிறது.

உடலும் இதை வேறு பொருளாகவே நடத்துகிறது. டிரான்ஸ் கொழுப்பு ரத்தத்தில் கெட்ட கொலஸ்ட்ராலைக் கூட்டி, நல்லதைக் குறைக்கிறது. அதனால்தான் இந்தியாவில் எண்ணெய்களிலும் கொழுப்புகளிலும் அது 2 சதவீதத்தைத் தாண்டக் கூடாது என்ற வரம்பு 2022 ஜனவரியில் நடைமுறைக்கு வந்தது.