கள்ளப்படி: ‘பைரசி’யைத் தமிழில் சொல்வது எப்படி

‘பைரசி’ என்று எழுத வேண்டிய இடத்தில் தமிழில் ஆளுக்கொரு சொல் வைத்திருக்கிறோம். சினிமாக்காரர்களுக்கு அது ‘திருட்டு விசிடி’. விசிடி என்ற தட்டே காணாமல் போய்விட்டது, பெயர் மட்டும் போகவில்லை. நாளிதழ்களுக்கு ‘இணையத் திருட்டு’. கணினிக் கட்டுரைகளில் ‘மென்பொருள் கொள்ளை’. தானியங்கி மொழிபெயர்ப்பில் ‘மென்பொருள் கடற்கொள்ளை’ என்று வந்ததையும் பார்த்திருக்கிறேன். படித்ததும் கப்பலில் கணினி ஏற்றிப்போன கதையோ என்றுதான் தோன்றியது.

நான் பரிந்துரைக்கும் சொல் ‘கள்ளப்படி’. இதில் படி என்றால் நகல். ஏன் ‘திருட்டு’ வேண்டாம், ஏன் ‘கள்ளம்’ வேண்டும் என்பதுதான் இந்தக் குறிப்பின் வேலை.

ஆங்கிலச் சொல்லின் வேர் கிரேக்கத்தில் இருக்கிறது. ‘பெய்ரா’ என்றால் முயற்சி, சோதித்துப் பார்த்தல். அதிலிருந்து வந்த ‘பெய்ராடேஸ்’ என்பவன் முயன்று பார்ப்பவன், அதாவது பிறர் கப்பல்மேல் கைவைத்துப் பார்ப்பவன். லத்தீனில் அது ‘பிராட்டா’ ஆகி ஆங்கிலத்துக்குப் போனது. சோதித்துப் பார்த்து அறிந்ததை ‘எம்பிரிக்கல்’ என்று அறிவியலில் மதிப்போடு சொல்கிறோமே, அதுவும் இதே வேரில் கிளைத்ததுதான். கடலில் இருந்தவன் அச்சகத்துக்குள் நுழைய வெகுநாள் ஆகவில்லை. 1603-லேயே லண்டன் எழுத்தாளர் தாமஸ் டெக்கர் ‘சொல் கொள்ளையர்’ என்ற பொருளில் இதைக் கையாண்டிருக்கிறார். அந்த நூற்றாண்டு முடிவதற்குள், அடுத்தவர் நூலைக் கேட்காமல் அச்சிடுபவருக்கு இதுவே பெயராகிவிட்டது.

இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். அப்போது லண்டனில் இந்த வசையைக் கையில் வைத்திருந்தவர்களில் முன்வரிசை அச்சிட்டு விற்றவர்கள். 1557-ல் அரச சாசனம் பெற்ற ஸ்டேஷனர்ஸ் கம்பெனி என்ற வணிகச் சங்கத்தின் பதிவேட்டில் ஒரு நூலின் பெயரை எழுதிவிட்டால், அந்த நூல் அந்த வணிகரின் ‘காப்பி’. அங்கே காப்பி என்றால் நகல் அல்ல, மூலம். அச்சுக்கு வைத்திருக்கும் கையெழுத்துப்படி. ‘காப்பிரைட்’ என்பதில் உள்ள காப்பி இதுதான். எழுதியவரிடமிருந்தே உரிமை தொடங்குகிறது என்பதைச் சட்டமாக்கியது 1710-ல் நடப்புக்கு வந்த ஆன் அரசியின் சட்டம். புது நூலுக்கு 14 ஆண்டு, எழுதியவர் உயிரோடிருந்தால் இன்னொரு 14 ஆண்டு. அவ்வளவுதான் கொடுத்தார்கள்.

இனி ‘திருட்டு’. தெருவில் நன்றாக ஓடுகிற சொல், மறுக்கவில்லை. ஆனால் சட்டத்தின் கண்ணில் இது திருட்டு ஆகாது. பழைய இந்திய தண்டனைச் சட்டத்தின் 378-ஆம் பிரிவானாலும், 2024 ஜூலை முதல் நடப்பில் இருக்கும் பாரதிய நியாய சன்ஹிதாவின் 303-ஆம் பிரிவானாலும், திருட்டு என்றால் ஒருவர் வசம் இருக்கும் அசையும் பொருளை அவர் சம்மதமில்லாமல் எடுத்துக்கொள்ளும் எண்ணத்தோடு நகர்த்துவது. படி எடுக்கும்போது எதுவும் நகர்வதில்லை. மூலம் இருந்த இடத்திலேயே இருக்கிறது. 1957-ஆம் ஆண்டின் இந்தியப் பதிப்புரிமைச் சட்டம் இந்தச் செயலுக்குத் தரும் பெயர் ‘மீறல்’. அந்தச் சட்டத்தில் ‘பைரசி’க்கு வரையறையே கிடையாது.

அமெரிக்காவில் இது உச்ச நீதிமன்றம் வரை போனது. எல்விஸ் பிரெஸ்லியின் பாடல்களை உரிமை இல்லாமல் தட்டுகளில் பதிந்து அஞ்சலில் விற்ற ஒருவர்மீது, திருட்டுப் பொருளை மாநிலம் விட்டு மாநிலம் அனுப்பியதாக வழக்கு. 1985-ல் நீதிமன்றம் சொன்னதன் சாரம்: பதிப்புரிமையை மீறியவர் அந்த உரிமையைக் கைப்பற்றிக்கொண்டு போய்விடவில்லை, உரியவர் அதைப் பயன்படுத்த முடியாமல் முழுவதுமாகப் பறித்துவிடவும் இல்லை, ஆகவே அந்தத் தட்டுகள் ‘திருடப்பட்ட பொருள்’ என்ற வரையறைக்குள் வராது. குற்றமே இல்லை என்று அதற்குப் பொருளல்ல. மீறல் மீறல்தான், அதற்கு வேறு சட்டம் இருக்கிறது.

‘திருட்டு’ பொருந்தாது என்றால் ‘கள்ளம்’ மட்டும் எப்படிப் பொருந்தும்? இரண்டும் ஒன்றுதானே என்று கேட்கலாம். வழக்கில் பார்த்தால் ஒன்றல்ல. கள்ளச்சாராயத்தை யாரும் யாரிடமிருந்தும் திருடுவதில்லை. உரிமம் இல்லாமல் காய்ச்சுகிறார்கள். கள்ளச்சந்தையில் விற்கிற டிக்கெட் காசு கொடுத்து வாங்கிய டிக்கெட்தான். விற்கும் முறைக்குத்தான் அனுமதி இல்லை. கள்ளநோட்டு ரிசர்வ் வங்கியிலிருந்து களவாடியது அல்ல. அடிக்க அதிகாரம் இல்லாதவன் அடித்தது. தமிழில் ‘கள்ள’ என்ற முன்னொட்டு பல இடங்களில் சொல்வது இதைத்தான்: செய்ய உரிமை இல்லாதவன் மறைவாகச் செய்தது. பதிப்புரிமை மீறலுக்கு இதைவிட நெருக்கமான வரையறையைச் சட்டப் புத்தகத்தில்கூடத் தேட வேண்டியிருக்கும்.

ஆங்கிலத்திலும் உரிமையில்லாத இசைத்தட்டுக்குச் சாராயக்காரர்களின் சொல்தான்: ‘பூட்லெக்’. பூட்ஸுக்குள் புட்டியை ஒளித்துக் கடத்தியவர்களின் பெயர். தமிழ்நாடோ இருவரையும் ஒரே சட்டத்தில் உட்கார வைத்துவிட்டது. நாம் ‘குண்டர் சட்டம்’ என்று சுருக்கிச் சொல்லும் 1982-ஆம் ஆண்டின் சட்டத்தில் கள்ளச்சாராயம் காய்ச்சுவோர், போதைப்பொருள் குற்றவாளிகள் என்று நீளும் வரிசையில், 2004-ல் வீடியோ பைரசிக்காரர்களையும் சேர்த்தார்கள். விசாரணை முடியும் முன்பே 12 மாதம் வரை தடுப்புக்காவலில் வைக்க வழி செய்யும் சட்டம் அது. தட்டு விற்றவனுக்கும் அதே அளவுகோலா என்ற கேள்வி அப்போதும் நியாயமானது, இப்போதும் நியாயமானது.

‘படி’க்கு வருவோம். நகல் அரபியிலிருந்து உருது வழியாக வந்தது, பிரதி வடமொழி. படி நம்முடையது: படியெடுத்தல், கைப்படி, ஏட்டுப்படி, மூலப்படி, மெய்ப்படி என்று ஒரு குடும்பமே இருக்கிறது. ஓலை சில நூற்றாண்டுகளுக்கு மேல் தாங்காது. பெயர்த்தெழுத ஆள் இல்லாத நூல் செத்தது. சங்கப் பாட்டு என்று நாம் படிப்பதெல்லாம் படியின் படியின் படிதான். உ.வே.சாமிநாதையர் 1887-ல் சீவக சிந்தாமணியை அச்சிட்டது பல ஊர்களிலிருந்து கிடைத்த படிகளை ஒப்பிட்டுப் பார்த்த பிறகு. அந்த உலகத்தில் படியெடுப்பவன்மேல் இருந்த புகார் வேறு: ‘எழுதினவன் ஏட்டைக் கெடுத்தான்’. பிழையாக எழுதினான் என்பதே குற்றம், கேட்காமல் எழுதினான் என்பதல்ல.

அதற்காகப் பழந்தமிழருக்கு எழுத்தில் களவு என்ற எண்ணமே இல்லை என்று சொல்லிவிட முடியாது. செய்யுள் வகைகளுக்கு இலக்கணம் சொல்லும் பாட்டியல் மரபில் ‘கள்ளக்கவி’ என்று ஒரு வகை உண்டு. பிறர் பாடியதைத் தன் பாட்டு என்று சொல்லிக்கொள்பவன். ஆனால் அது வேறு குற்றம், இன்றைய பேச்சில் ‘சுட்டது’. கள்ளக்கவி பெயரைத் திருடுகிறான், கள்ளப்படி விற்பவன் பெயரைத் தொடுவதே இல்லை. இயக்குநர் பெயர், நடிகர் பெயர், இசையமைப்பாளர் பெயர் எல்லாம் உறையில் பளிச்சென்று இருக்கும், இருந்தால்தான் விற்கும். இந்த இரண்டையும் குழப்பி ‘கதைத் திருட்டு’, ‘படத் திருட்டு’ என்று ஒரே சொல்லில் எழுதும் பழக்கத்தை விட்டுவிடுவது நல்லது.

இந்தச் செயலுக்கு நம் பேச்சில் எப்போதும் வசை இருந்ததும் இல்லை. எண்பதுகளில் ஊருக்கு ஊர் ‘ரெக்கார்டிங் சென்டர்’ இருந்தது. பிடித்த பாடல்களைத் தாளில் வரிசையாக எழுதிக் கொடுத்தால், அறுபது நிமிடக் கேசட்டா தொண்ணூறா என்று கேட்டுப் பதிந்து கொடுப்பார்கள். உரிமையாளரைக் கேட்காமல் பதிந்தபோது அதுவும் மீறல்தான். ‘திருட்டுக் கேசட்’ என்று அதை யாரும் சொல்லிக் கேட்டதில்லை. கடை வாசலில் பெயர்ப்பலகை தொங்கும், கடைக்காரர் ஊருக்கே ‘அண்ணன்’. 1984-ல் பதிப்புரிமைச் சட்டத்துக்கு வந்த திருத்தம் தண்டனையைக் கூட்டியது. கேசட் உறையில் தயாரித்தவர் பெயர் முகவரி, உரிமையாளர் பெயர் முகவரி, முதலில் வெளியான ஆண்டு மூன்றும் இருக்க வேண்டும் என்றும் சொன்னது. கள்ளப்படியைக் கண்ணால் அடையாளம் காண அதுதான் முதல் வழி.

பின்பு வந்தது விசிடி. 352-க்கு 288 புள்ளி படம், தட்டுக்கு 74 நிமிடம் போலத்தான் கொள்ளும். அதனால் ஒரு தமிழ்ப் படத்துக்கு இரண்டு தட்டு, நீளமான படமென்றால் மூன்று. இடைவேளை எங்கே வரும் என்று தெரியாது. சண்டைக்கு நடுவே தட்டை மாற்ற வேண்டும். ‘தியேட்டர் பிரிண்ட்’ என்றால் திரையின் ஓரம் சாய்ந்திருக்கும், யாரோ எழுந்து போகும் தலை குறுக்கே வரும், பாட்டுக்கு அடிக்கும் விசிலும் சேர்ந்து பதிந்திருக்கும். சில வாரம் கழித்து அதே கடையில் ‘ஒரிஜினல் பிரிண்ட் வந்துருச்சு’ என்பார்கள். கள்ளப்படியிலேயே ஒரிஜினல், டூப்ளிகேட் என்று தரம் பிரித்த ஊர் நம்முடையது. சென்னை பர்மா பஜாரில் அந்தப் பாகுபாட்டுக்குத் தனித்தனி விலையே இருந்தது.

மதிப்பு எங்கே இருக்கிறது என்ற விஷயம் இங்கேதான் வெளிச்சமாகிறது. தட்டுக்கு ஒரு மதிப்பும் இல்லை. அடுத்த படியெடுக்கச் செலவு ஏறக்குறையச் சுழியம். முதல் படிக்குத்தான் கோடிகள். ஒரு படத்தின் திரையரங்க வசூலில் பெரும்பங்கு முதல் சில நாட்களிலேயே வந்துவிடுகிறது. அந்த நாட்களில் வரும் விசில் கலந்த மங்கல் படி, ஒரு வருடம் கழித்து வரும் துல்லியமான படியைவிட அதிகம் கெடுக்கும். ஆகவே தயாரிப்பாளர் இழப்பது பொருளை அல்ல, முதலில் காட்டும் வாய்ப்பை. ‘திருட்டு’ என்ற சொல் இதை மறைக்கிறது. பார்த்த ஒவ்வொருவரும் டிக்கெட் வாங்கியிருப்பார் என்று பெருக்கிக் கணக்குக் காட்டும் பழக்கமும் அந்தச் சொல்லின் நிழலில் வளர்ந்ததுதான். டிக்கெட்டுக்குக் காசு இல்லாதவன், ஊரில் தியேட்டரே இல்லாதவன், சும்மா கிடைத்ததால் பத்து நிமிடம் பார்த்துவிட்டு நிறுத்தியவன் எல்லாரும் அந்தப் பெருக்கலில் சமம்.

முதல் நாட்களைக் காக்கத்தான் டிஜிட்டல் திரையிடலில் கண்ணுக்குத் தெரியாத அடையாளம் பதிக்கிறார்கள். ஹாலிவுட் நிறுவனங்கள் சேர்ந்து வகுத்த டிசிஐ தர நெறியின்படி அந்த அடையாளம் 35 பிட். அதில் 16 பிட் நேரத்துக்கு, 15 நிமிடத்துக்கு ஒரு முத்திரை வீதம் ஆண்டு முழுவதற்கும் போதும். மீதி 19 பிட் எந்த இடம் என்பதற்கு. செல்போனில் எடுத்த படத்தின் ஐந்து நிமிடத் துண்டு கிடைத்தாலே எந்தத் திரை, எந்தக் காட்சி என்று சொல்லிவிடலாம். சட்டமும் இந்த இடத்தைத்தான் குறிவைக்கிறது. 2023-ல் திருத்திய திரைப்படச் சட்டத்தில் அனுமதியின்றிப் படம்பிடிப்பவருக்கு 3 மாதம் முதல் 3 ஆண்டு வரை சிறை, குறைந்தது 3 லட்சம் அபராதம். மேல்வரம்பு படத்தின் கணக்குத் தணிக்கை செய்த மொத்தத் தயாரிப்புச் செலவில் 5 விழுக்காடு.

உரிமைக்கான சொல்லையும் பார்த்துவிடுவோம். ‘காப்புரிமை’ என்று காப்பிரைட்டுக்கும் எழுதுகிறார்கள், பேட்டன்டுக்கும் எழுதுகிறார்கள். காப்பி, காப்பு என்ற ஒலி ஒற்றுமையில் நுழைந்திருக்கும் என்று தோன்றுகிறது. நூல், பாட்டு, படம், மென்பொருள் ஆகியவற்றுக்குப் ‘பதிப்புரிமை’ போதும். அச்சுக்குத்தானே பதிப்பு என்பவர்களுக்கு: ஒலிப்பதிவு, ஒளிப்பதிவு இரண்டிலும் இருப்பது அதே ‘பதி’. காப்புரிமையைக் கண்டுபிடிப்புகளுக்கு விட்டுவிடலாம். இரண்டுக்கும் பொதுவான சொல்லாகத் தமிழ்நாட்டில் ‘அறிவுசார் சொத்துரிமை’ என்று இழுக்கிறோம். இலங்கையில் ‘புலமைச் சொத்து’ என்று இரண்டே சொல்லில் முடித்துவிட்டார்கள், அழகாகவும் இருக்கிறது.

உரிமை தீர்ந்த படைப்புக்குத்தான் நல்ல தமிழ்ச் சொல் அமையவில்லை. ‘பொதுவுடைமை’யைக் கம்யூனிசம் எடுத்துக்கொண்டது. நம் ஊரில் ‘நாட்டுடைமை’ இருக்கிறது. ஆனால் அது அரசு பணம் கொடுத்து உரிமையை விடுவிப்பது, காலம் முடிந்து தானாக விடுபடுவது அல்ல. பாரதியின் படைப்புகளை 1949-ல் சென்னை மாகாண அரசு வாங்கிப் பிறகு எல்லாருக்கும் பொதுவாக்கியது. இல்லாவிட்டால் 1921-ல் இறந்தவரின் பாட்டை அச்சிட 1971 முடியும்வரை கேட்க வேண்டியிருந்திருக்கும். தாகூருக்கு நடந்தது நேர்மாறு. 1941-ல் இறந்தவரின் உரிமை 50 ஆண்டில் முடியவிருந்த நேரத்தில், 1992-ன் திருத்தம் அதை 60 ஆக்கியது. சட்டத்தின் ஒரு வரி மாறினால், நல்ல படியாக வந்திருக்க வேண்டியது பத்து ஆண்டுக்குக் கள்ளப்படி.

ஜெராக்ஸும் இப்படித்தான். டெல்லிப் பல்கலைக்கழகத்துக் கடையொன்று பாடப்பகுதிகளை நகலெடுத்துக் கட்டி விற்றதற்குப் பெரும் பதிப்பகங்கள் தொடுத்த வழக்கில், 2016-ல் டெல்லி உயர் நீதிமன்றம் கற்பித்தலுக்கான விதிவிலக்கை விரிவாகவே படித்தது. 2017-ல் பதிப்பகங்கள் வழக்கைத் திரும்பப் பெற்றன. ஆக, கேட்காமல் எடுத்த படி எல்லாம் கள்ளப்படி அல்ல.

சொல்லில் குறை இல்லாமல் இல்லை. ‘படி’ அளவைக்கும் பெயர், பயணப்படிக்கும் பெயர். கள்ளப்படி என்றதும் அரிசிக்கடையில் குறைத்து அளக்கும் படி நினைவுக்கு வந்தால் குற்றம் சொல்ல முடியாது. மயக்கம் வரும் இடத்தில் ‘கள்ளப் பிரதி’ என்று எழுதிக்கொள்ளலாம். சட்ட எழுத்தில் ‘பதிப்புரிமை மீறல்’, பொருளைச் சுட்ட ‘மீறல் படி’.

தொல்லை தரப்போவது இன்னொன்று. தரவிறக்காமல் இணையத்தில் ஓடவிட்டுப் பார்ப்பவரிடம் படி எங்கே இருக்கிறது? சில நொடிப் படம் கருவியின் நினைவகத்தில் தங்கி அழிகிறது. மின்வழி அனுப்பும்போது தொழில்நுட்பத்தின் போக்கில் தற்காலிகமாகத் தங்குவதை நம் சட்டத்தின் 52-ஆம் பிரிவு மீறலாகக் கொள்வதில்லை. ஓடவிடுகிறவரையோ, அனுமதியின்றிப் பொதுமக்களுக்குக் காட்டியவர் என்று சட்டம் பிடித்துவிடும். அவரைக் ‘கள்ள ஒளிபரப்பு’ செய்பவர் என்று சொல்லிவிடலாம். பார்ப்பவருக்கான சொல்லைத் தமிழ் இன்னும் உண்டாக்கவில்லை.