ரா டயட்டுக்கு மாறும் நாய்க்குப் பேதியா? அது ‘டீடாக்ஸ்’ இல்லை

ரா டயட்டுக்கு, அதாவது சமைக்காத இறைச்சியான பச்சைக்கறிக்கு மாற்றிய இரண்டாம் நாளோ மூன்றாம் நாளோ நாய்க்குப் பேதி பிடிக்கிறது. வீட்டில் பயந்துபோய், ஏற்கெனவே ரா டயட் கொடுக்கும் நண்பர்களிடம் கேட்கிறார்கள். “பழைய நச்செல்லாம் வெளியே போகுது, டீடாக்ஸ்தான், அப்படியே விடுங்க” என்று பதில் வருகிறது. அதை நம்பி நான்கைந்து நாள் காத்திருந்துவிட்டு, கண் குழிந்து நிற்கவும் தெம்பில்லாத நாயைத் தூக்கிக்கொண்டு கிளினிக்குக்கு வருகிறவர்கள் உண்டு. அதனால் முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: டீடாக்ஸ் பேதி என்று ஒன்று கிடையாது. உடலின் கழிவுகளை வெளியேற்றும் வேலையைக் கல்லீரலும் சிறுநீரகமும் தினமும் செய்துகொண்டுதான் இருக்கின்றன. அதற்குப் பேதி தேவையில்லை. பேதியில் வெளியே போவது தண்ணீரும் உப்புச் சத்துகளும்தான்.

அப்படியானால் பேதி ஏன் வருகிறது? இதுவரை கிபிளோ (கடையில் விற்கும் உலர் நாய் உணவு) சோறும் குழம்புக் கறியுமோ தின்று வளர்ந்த நாய், தன் சாப்பாட்டில் பெரும்பகுதியை மாவுச்சத்தாகவே பெற்றுவந்திருக்கிறது. கணையம் சுரக்கும் நொதிகளும், குடலில் வாழும் நுண்ணுயிர்க் கூட்டமும் அதற்கேற்ப அமைந்திருக்கின்றன. திடீரென்று ஒருநாள் கொழுப்பும் புரதமும் மட்டுமே வந்து விழுந்தால், நொதிகளின் அளவு மாறவே சில நாள் பிடிக்கும். அதற்குள் சிறுகுடலில் உறிஞ்சப்படாமல் தப்பும் கொழுப்பு பெருங்குடலுக்குப் போகிறது. அங்குள்ள பாக்டீரியா அதை வேறு வகைக் கொழுப்பு அமிலங்களாக மாற்ற, அவை குடல் சுவரைத் தூண்டித் தண்ணீரைச் சுரக்க வைக்கின்றன. மீந்த புரதம் அழுகி நாற்றம் எடுக்கிறது. பெரும்பாலான ‘மாற்றப் பேதி’யின் கதை இவ்வளவுதான். மாற்றத்தின் வேகத்தையும் கொழுப்பையும் குறைத்தால் இதில் பெரும்பகுதி வராது.

“நாய் ஓநாய்தானே, அதுக்கு எதுக்கு பழக்கம்?” என்று கேட்பார்கள். 2013இல் வந்த மரபணு ஆய்வு ஒன்று, மாவுச்சத்தைச் செரிக்கும் அமைலேஸ் மரபணு ஓநாய்க்கு இரண்டு பிரதிகள்தான் என்றும், நாய்களுக்கு நான்கிலிருந்து முப்பது வரை என்றும் காட்டியது. மனிதனோடு வாழ்ந்து நம் சாப்பாட்டுக்கு ஏற்ப மாறிய விலங்கு நாய். தலைமுறை தலைமுறையாகச் சோறு தின்ற ராஜபாளையத்துக்கும் இது பொருந்தும், பக்குக்கும் பொருந்தும்.

இன்னொரு நம்பிக்கை, நாயின் இரைப்பை அமிலம் எல்லாக் கிருமியையும் கொன்றுவிடும் என்பது. அமிலம் கடுமையானது என்பது உண்மை. ஆனால் சால்மோனெல்லா கலந்த பச்சைக்கறியைத் தின்ற நாய்களில் சில, அடுத்த பல நாட்களுக்கு அந்தக் கிருமியைத் தம் மலத்தில் வெளியேற்றுவது ஆய்வுகளில் தெரிந்திருக்கிறது. அந்த நாய்க்கு ஒன்றுமே ஆகாமலும் இருக்கலாம். அது முகத்தை நக்கும் குழந்தைக்கும், மலத்தை அள்ளும் வயதானவருக்கும்தான் ஆபத்து. அமெரிக்கக் கால்நடை மருத்துவச் சங்கம் 2012இல் பச்சை இறைச்சி உணவை ஊக்குவிக்க வேண்டாம் என்று கொள்கை வகுத்ததற்கு முக்கியக் காரணம் இதுவே. வீட்டில் கைக்குழந்தையோ கர்ப்பிணியோ கீமோதெரபி எடுப்பவரோ இருந்தால், ரா டயட் வேண்டாம் என்று நான் நேரடியாகவே சொல்லிவிடுவேன்.

நம் ஊர் நிலைமையையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். வெளிநாட்டு வீடியோக்களில் வரும் கறி, வெட்டியதிலிருந்து தட்டுக்கு வரும்வரை குளிரிலேயே இருக்கிறது. நம் கறிக்கடையில் நாய்க்கென்று கேட்டால் கிடைப்பது கோழிக் கழுத்து, கால், தலை, தோல், குடல். காலையிலிருந்து ஒரே கட்டையில் வெட்டி, ஓரமாக ஒரு கவரில் சேர்த்து வைத்தது. வெளியே வெயில் 35 டிகிரி. மதியம் ஒரு மணிக்கு அதை வாங்கினால், கிருமிகள் பெருகுவதற்கு ஏழு மணி நேரம் கொடுத்துவிட்டோம் என்று பொருள். மஞ்சள் போட்டுக் கழுவினால் சரியாகிவிடாது. கழுவும்போது தெறிக்கும் தண்ணீர் சிங்க் முழுக்கக் கிருமியைப் பரப்பும். ஃப்ரீசரில் வைத்தாலும் சால்மோனெல்லா சாகாது, தூங்கும், அவ்வளவுதான்.

கோழிக் கழுத்தைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் மலிவு என்று எல்லோரும் அதில்தான் ஆரம்பிக்கிறார்கள். 2018இல் மெல்போர்ன் பல்கலைக்கழகக் கால்நடை மருத்துவர்கள், பச்சைக் கோழி தின்ற நாய்களுக்குப் பின்னங்கால்களில் தொடங்கி மேலேறும் ஒருவகை நரம்புப் பக்கவாதம் வருவதற்கும், கோழியில் உள்ள கேம்பைலோபேக்டர் கிருமிக்கும் தொடர்பு இருப்பதைக் கண்டார்கள். அரிதான நோய்தான். ஆனால் பேதி நின்ற சில நாட்களில் நாய் பின்னங்கால் தடுமாறினாலோ குரைப்புச் சத்தம் மாறினாலோ, “சோர்வா இருக்கும்” என்று விட்டுவிடாதீர்கள்.

இவ்வளவும் கேட்ட பிறகும் மாற்றியே தீருவேன் என்பவர்கள், மெதுவாக மாற்றுங்கள். 20 கிலோ எடையுள்ள, நோயில்லாத, வளர்ந்த நாயை எடுத்துக்கொள்வோம். ரா டயட்டில் எடையில் இரண்டு முதல் மூன்று சதவீதம் என்பது வழக்கமான தொடக்கக் கணக்கு. ஒரு நாளைக்கு 400இலிருந்து 600 கிராம் வரும். முதல் மூன்று நான்கு நாள் பழைய சாப்பாட்டையே கொடுத்து, அதில் 50 கிராமைக் குறைத்துவிட்டு, அந்த இடத்தில் தோல் நீக்கிய நெஞ்சுக்கறி 50 கிராம் மட்டும் வையுங்கள். எலும்பு வேண்டாம், ஈரல் வேண்டாம், குடல் வேண்டவே வேண்டாம். மலம் உருண்டையாக இருந்தால் 100 கிராம். அதிலும் மூன்று நான்கு நாள். இப்படி ஏறி முழுவதும் மாற மூன்று வாரமாவது ஆகும், வயதான நாய்க்கு ஐந்தாறு வாரமும் ஆகலாம். ஒரு வகைக் கறியில் வயிறு பழகிய பிறகுதான் அடுத்த வகை. கிபிளையும் பச்சைக்கறியையும் ஒரே வேளையில் கொடுத்தால் செரிக்காது என்று சொல்லப்படுவதற்கு நல்ல ஆதாரம் எதுவும் கிடையாது. மாற்றக் காலத்தில் கலந்து கொடுப்பதே பாதுகாப்பு.

மலம் இளகினால் முந்தின அளவுக்கு இறங்குங்கள். இரண்டு நாளில் கட்டவில்லையென்றால் பச்சைக்கறியை முழுவதும் நிறுத்துங்கள். ‘பழகட்டும்’ என்று அதே அளவில் தொடர்வதுதான் சின்னப் பேதியைப் பெரிதாக்குகிறது.

நிறுத்திய பிறகு என்ன கொடுப்பது? தோலும் கொழுப்பும் இல்லாத சிக்கனை வேகவைத்து, குழைந்த சோறு இரண்டு பங்குக்குக் கறி ஒரு பங்கு என்று பிசைந்து, ஒரு நாள் சாப்பாட்டை நான்கைந்து சின்ன வேளைகளாகப் பிரித்துக் கொடுங்கள். உப்பு, மசாலா, வெங்காயம், பூண்டு கூடாது. வேகவைத்து மசித்த பரங்கிக்காய் ஒன்றிரண்டு ஸ்பூன் சேர்க்கலாம். புளிக்காத தயிர் கொஞ்சம் பல நாய்களுக்கு ஒத்துக்கொள்ளும், சிலவற்றுக்குப் பேதியைக் கூட்டும். ஒரு வேளையில் தெரிந்துவிடும். தாளித்த மோர் வேண்டாம். நாள் முழுக்கப் பட்டினி போடும் பழைய வழக்கத்தை இப்போது நாங்கள் சொல்வதில்லை. வாந்தி இல்லாத நாய்க்கு, சீக்கிரமே எளிய சாப்பாடு கொடுத்தால்தான் குடல் சுவர் தேறும். குட்டிகளைப் பட்டினி போடவே கூடாது, சர்க்கரை அளவு சட்டென்று இறங்கிவிடும்.

மருந்துப் பெட்டியைத் திறப்பதற்கு முன் நில்லுங்கள். பேதியை நிறுத்த மனிதர்கள் போடும் லோபெரமைடு, கிருமித் தொற்று இருக்கும்போது கிருமியைக் குடலிலேயே தங்க வைக்கும். கோலி போன்ற சில நாய் இனங்களில் அது மூளையையும் பாதிக்கும். மெட்ரானிடசோல் என்ற ஆன்டிபயாடிக் மெடிக்கலில் சுலபமாகக் கிடைக்கிறது என்று வாங்கிக் கொடுப்பவர்கள் நிறைய. சாதாரணப் பேதி பெரும்பாலும் சாப்பாட்டு மாற்றத்திலேயே அடங்கிவிடும். அந்த மாத்திரை குடலின் நல்ல பாக்டீரியாவைக் கலைத்துப்போட்டால், அது சீராக வாரக்கணக்கில் ஆகும். குழந்தைக்குச் செய்வதுபோல ஜாதிக்காய் உரசிக் கொடுப்பதும் வேண்டாம், அளவு கூடினால் நாய்க்கு அது நஞ்சு.

மலத்தைப் பார்க்கக் கூச்சப்படாதீர்கள், அது நிறையச் சொல்லும். சுண்ணாம்புபோல வெளுத்து உதிர்ந்தால் எலும்பு அதிகம், நாய் முக்கித் தவிக்கும். மஞ்சளாக, எண்ணெய்ப் பிசுக்கோடு இருந்தால் கொழுப்பு அதிகம். சளி கலந்து, கொஞ்சம் கொஞ்சமாகப் பலமுறை, கடைசியில் ஒரு சொட்டுச் சிவப்பு ரத்தம் என்றால் பெருங்குடல் எரிச்சல். பார்க்கப் பயமாக இருந்தாலும் நாய் சுறுசுறுப்பாக இருந்தால் பெரும்பாலும் சீக்கிரம் அடங்கும், ஆனாலும் அன்றைக்கே மருத்துவரிடம் சொல்லிவிடுங்கள். அளவு அதிகமாக, தண்ணீராகப் போனால் சிறுகுடல். நீர்ச்சத்து இங்கேதான் வேகமாக இறங்கும். ஈரல் அதிகம் தின்றாலும் மலம் கறுப்பாகும், உள்ளே ரத்தம் கசிந்தாலும் கறுப்பாகும். வெள்ளைக் காகிதத்தில் தடவித் தண்ணீர் விட்டுப் பாருங்கள், செம்மை பரவினால் உடனே கிளம்புங்கள்.

கணைய அழற்சியை நான் அதிகம் பயந்து சொல்வேன். மட்டன் கொழுப்பையும் கோழித் தோலையும் ஒரே நாளில் நிறையக் கொடுத்த வீடுகளில், குறிப்பாகக் குண்டான, நடுவயது தாண்டிய நாய்களுக்கு வருகிறது. திரும்பத் திரும்ப வாந்தி, சாப்பாட்டைப் பார்த்தாலே முகத்தைத் திருப்புதல், முன்னங்கால்களைத் தரையில் நீட்டிப் பின்பகுதியை மட்டும் உயர்த்தி நிற்கும் நிலை. வயிற்று வலியால்தான் அப்படி நிற்கிறது. இதை வீட்டில் பார்க்க முடியாது, டிரிப்ஸும் வலி மருந்தும் வேண்டும்.

அதேபோல, தடுப்பூசி முடியாத குட்டிக்குக் கறி மாற்றிய வாரத்தில் ரத்தப் பேதி வந்தால் கறியைக் குற்றம் சொல்லிக்கொண்டு உட்காராதீர்கள். பார்வோ வைரஸாக இருக்கலாம். மல மாதிரியில் சில நிமிடங்களில் தெரிந்துவிடும் பரிசோதனை இருக்கிறது. ஒரு நாள் தாமதம் அந்தக் குட்டியின் உயிரை எடுத்துவிடும். வளரும் குட்டிக்கு வெறும் கறி கொடுப்பதில் இன்னொரு கேடும் உண்டு. கறியில் பாஸ்பரஸ் நிறைய, கால்சியம் மிகக் குறைவு. சில வாரங்களில் கால் வளைந்து, குதித்தாலே எலும்பு முறியும் அளவுக்கு வரும்.

ஆட்டுக் குடல், நுரையீரல், ஈரல் ஆகியவற்றைப் பச்சையாகக் கொடுக்கவே கொடுக்காதீர்கள். அதில் இருக்கும் நீர்க்கட்டிகள் வழியாக நாய்க்கு எக்கினோகாக்கஸ் என்ற மிகச் சிறிய நாடாப்புழு வரும். நாயிடம் அறிகுறி ஒன்றும் தெரியாது. அதன் மலத்தில் வரும் முட்டைகள் நம் வயிற்றுக்குள் போனால், கல்லீரலிலும் நுரையீரலிலும் கட்டிகள் வளரும், அறுவை சிகிச்சை வரை போகும். ஏற்கெனவே கொடுத்துவிட்டீர்கள் என்றால் பிராசிகுவான்டெல் உள்ள குடற்புழு மருந்தை ஆறு வாரத்துக்கு ஒருமுறை கொடுக்க வேண்டும். எல்லாப் புழு மருந்திலும் அது இருக்காது, அட்டையைப் படித்துப் பாருங்கள்.

ரா டயட்டில் நீங்கள் தேடுவது நல்ல கறியும் குறைந்த மாவுச்சத்தும்தான் என்றால், எலும்பில்லாத அதே கறியை வேகவைத்து, கால்சியம் அளவை மருத்துவரிடம் கேட்டுச் சேர்த்தாலே அதில் பெரும்பகுதி கிடைத்துவிடும். என் சொந்தக் கருத்து அதுதான். வெந்த எலும்பை மட்டும் தவிர்த்துவிடுங்கள், அது ஊசியாகப் பிளந்து குடலைக் கிழிக்கும்.

எப்போது காத்திருக்கக் கூடாது என்றால்: ஒரு நாளில் இரண்டு முறைக்கு மேல் வாந்தி, தண்ணீர்கூட வயிற்றில் தங்காமை, ஜாம்போலத் திரண்ட ரத்தம், வெளிறிய அல்லது பிசுபிசுத்த ஈறு, தோள்பட்டைத் தோலைத் தூக்கிவிட்டால் உடனே பழையபடி படியாமல் நிற்பது, வயிறு உப்பி வாந்தி வராமல் ஓங்கரிப்பது. கடைசியாகச் சொன்னது இரைப்பை முறுக்கமாக இருக்கலாம், நேரம் மணிக்கணக்கில்தான் இருக்கிறது, நள்ளிரவானாலும் கிளம்புங்கள். குட்டி, கிழட்டு நாய், சிறுநீரக நோயோ சர்க்கரையோ உள்ள நாய் என்றால் பேதி ஒன்றே போதும், வந்துவிடுங்கள்.

வரும்போது அன்றைக்குப் போன மலத்தில் ஒரு ஸ்பூன் அளவைச் சுத்தமான மூடி போட்ட டப்பாவில் எடுத்து வாருங்கள், மண் ஒட்டாத பகுதியாக. கடைசி ஒரு வாரம் என்ன கறி, எந்தப் பகுதி, எத்தனை கிராம், எந்தக் கடை, எத்தனை மணிக்கு வாங்கியது, வீட்டில் கொடுத்த மாத்திரை என்ன என்று எழுதிக் கொண்டுவாருங்கள். மாத்திரை அட்டையும் கையோடு இருக்கட்டும். பாட்டியோ குழந்தையோ மேஜைக்கடியில் போட்ட பிரியாணி எலும்பையும் சேர்த்து எழுதுங்கள். பலமுறை எக்ஸ்ரேயில் நாங்கள் தேடுவது அதைத்தான்.