ஆங்கிலம் வழியாக ஸ்வீடிஷ்: சின்னச் சொற்களில்தான் வம்பு

வேலை கிடைத்து ஸ்வீடனுக்கு வரும் நம்மவர்களில் பலர் முதல் சில வருடங்களை ஆங்கிலத்திலேயே ஓட்டிவிடுகிறார்கள். ஓட்டவும் முடியும். ஸ்டாக்ஹோமில் கடையிலும் பேருந்திலும் ஆங்கிலத்தில் கேட்டால் ஆங்கிலத்திலேயே பதில் வரும். சிக்கல் பேச்சில் இல்லை, தாளில்தான் வருகிறது. 2009-ஆம் ஆண்டு மொழிச் சட்டப்படி நாட்டின் முதன்மை மொழி ஸ்வீடிஷ். அரசு அலுவலகக் கடிதமும் வாடகை ஒப்பந்தமும் பெரும்பாலும் அதில்தான் இருக்கும். பதில் எழுத வேண்டுமே என்று செயலியில் ஆங்கில வாக்கியத்தைப் போட்டு, வந்ததை அப்படியே ஒட்டி அனுப்பிவிடுகிறார்கள். மொழிபெயர்ப்பாளரான என்னிடம் பலர் வருவது அதற்குப் பிறகுதான்.

மருத்துவக் கலைச்சொல்லோ எஞ்சினியரிங் சொல்லோ வந்தால் எல்லோரும் ஜாக்கிரதையாக இருக்கிறார்கள், நாலு இடத்தில் தேடிப் பார்க்கிறார்கள். தினமும் வாயில் புழங்கும் சொல்லை யாரும் தேடுவதில்லை. மாட்டிக்கொள்வது அங்கேதான்.

வேலை போன விஷயத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். நம் ஐடி ஆட்கள் 'லேட் ஆஃப்' என்பார்கள், கோபம் வந்தால் 'ஃபயர் பண்ணிட்டாங்க' என்பார்கள். பேச்சில் இரண்டும் ஒன்றுதான். ஸ்வீடனில் ஒன்றில்லை. 1982-ஆம் ஆண்டின் வேலைப் பாதுகாப்புச் சட்டம் இவற்றைத் தனித்தனியாகப் பிரிக்கிறது. 'உப்சாக்ட்' என்றால் நோட்டீஸ் காலம் கொடுத்து வேலையிலிருந்து நிறுத்தப்பட்டவர். ஆட்குறைப்பு என்றால் 'ஆர்பேட்ஸ்பிரிஸ்ட்' என்ற காரணத்தையும் சேர்த்து எழுதுவார்கள். 'ஆவ்ஷேடட்' என்பது வேறு ரகம்: பெரிய குற்றம் செய்ததற்காக நோட்டீஸ் காலமே இல்லாமல் வெளியேற்றப்பட்டவர். 'பெர்மிட்டேராட்' என்றால் இப்போதைக்கு வேலை இல்லை, ஆனால் அவர் இன்னும் அந்த நிறுவனத்தின் ஊழியர்தான், சம்பளத்துக்கும் உரிமை உண்டு.

இப்போது அகராதியைத் திறந்து 'ஃபயர்டு' என்று தேடுங்கள், 'ஆவ்ஷேடட்' வந்து நிற்கும். 'லேட் ஆஃப்' என்று தேடினால் 'பெர்மிட்டேராட்' வரலாம். ஆட்குறைப்பில் வேலை இழந்த ஒருவர், வேலையிழப்புக் காப்பீட்டு நிதிக்கு எழுதிய விளக்கத்தில் 'ஆவ்ஷேடட்' என்று போட்டிருந்தார். என் தவறால்தான் வேலை போனது என்று தானே கையெழுத்துப் போட்டுக் கொடுத்த மாதிரி! சொந்த நடத்தையால் வேலை போனவருக்கு உதவித்தொகையைக் கொஞ்ச காலம் நிறுத்திவைக்க அந்த நிதிக்கு அதிகாரம் உண்டு. நிறுவனம் கொடுத்த சான்றிதழில் சரியான சொல் இருந்ததால் கடைசியில் பணம் வந்தது. அதற்குள் விளக்கம் கேட்டு ஒரு கடிதம், அதற்கு ஒரு பதில் என்று இழுத்தடித்துவிட்டது.

"திருப்பி மொழிபெயர்த்துப் பார்த்தேனே, சரியாகத்தானே வந்தது?" என்று அவர் கேட்டார். பலரும் கேட்கும் கேள்விதான் இது. ஸ்வீடிஷ் வாக்கியத்தை மறுபடி செயலியில் போட்டு ஆங்கிலத்துக்குக் கொண்டுவந்தால் 'ஃபயர்டு' என்றே வரும், சந்தேகமே எழாது. அந்த ஆங்கிலச் சொல் 'உப்சாக்ட்', 'ஆவ்ஷேடட்' என்ற இரண்டு அர்த்தத்துக்கும் இடம் கொடுக்கிறது. போன வழியிலேயே திரும்பி வந்தால், நடுவில் எந்த அர்த்தத்தில் நின்றோம் என்பது தெரியாது. இந்தச் சோதனையை நம்ப வேண்டாம் என்று நான் எல்லோரிடமும் சொல்கிறேன். வேறு ஒன்று செய்யலாம். ஸ்வீடிஷ் அகாடமியின் அகராதிகள் இணையத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன. செயலி தந்த ஸ்வீடிஷ் சொல்லை அங்கே தேடி, ஸ்வீடிஷ்காரர்கள் அதற்கு என்ன விளக்கம் எழுதியிருக்கிறார்கள் என்று படியுங்கள். அந்த விளக்கத்தை வேண்டுமானால் செயலியில் போட்டுக்கொள்ளுங்கள். இல்லையென்றால், நீங்கள் எழுதப்போகும் அலுவலகத்தின் இணையதளத்தில் அதே பக்கத்தை ஆங்கிலத்திலும் ஸ்வீடிஷிலும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். அவர்கள் பயன்படுத்தும் சொல்லே உங்களுக்கும் சொல்.

ஆங்கிலம் மாதிரியே இருக்கும் சொற்கள் இன்னொரு தொல்லை. 'எவென்டுவெல்ட்' என்பதைப் பார்த்ததும் ஆங்கில 'ஈவென்சுவலி' என்று நினைத்து, கடைசியில் கிடைத்துவிடும் என்று நிம்மதியாகிவிடுவோம். அதன் பொருள் 'ஒருவேளை' மட்டும்தான். வீட்டுக்காரர் ஒப்பந்தத்தை 'எவென்டுவெல்ட்' நீட்டிப்பேன் என்று எழுதியிருந்தால் வேறு வீடு பார்க்கத் தொடங்குங்கள். 'செமெஸ்டர்' என்றால் சம்பளத்தோடு கூடிய விடுமுறை, சட்டப்படி வருடத்துக்குக் குறைந்தது 25 நாள். படிப்புப் பருவத்துக்கு 'டெர்மீன்' என்ற சொல் இருக்கிறது. 'ஷெஃப்' சமையல்காரர் அல்ல, உங்கள் மேலாளர். 'ரெசெப்ட்' மருந்துச் சீட்டு, கடை ரசீதுக்கு 'க்விட்டோ'. நம் ஊர் அட்வகேட்டை 'அட்வொகாட்' என்று எழுதிவிடாதீர்கள். அந்தப் பட்டத்தை ஸ்வீடிஷ் வழக்கறிஞர் சங்க உறுப்பினர் மட்டுமே போட்டுக்கொள்ளலாம். சட்டம் படித்தவர் என்று பொதுவாகச் சொல்ல 'யூரிஸ்ட்' போதும்.

மருத்துவரிடம் பேசும்போது இன்னும் கவனம் வேண்டும். ஆங்கிலத்தில் 'ஐ ஃபீல் சிக்' என்றால் குமட்டலாகவும் இருக்கலாம், பொதுவாக உடம்பு சரியில்லை என்றும் இருக்கலாம். ஸ்வீடிஷில் குமட்டலுக்கு 'யாக் மோர் இல்லா'. மோர் இல்லாமல் வயிறு கலங்குகிறது என்று நினைத்துக்கொண்டால் மறக்காது! காய்ச்சல், இருமல் என்றால் 'ஷூக்'. மனம் சோர்ந்திருந்தால் பெரும்பாலும் 'மோர் டோலிட்' என்பார்கள். அப்புறம், ரத்த அழுத்தத்துக்குச் சாப்பிடுவதை 'ட்ரக்' என்று ஆங்கிலத்தில் யோசித்து 'ட்ரோகெர்' என்று சொன்னால் கேட்பவர் புருவம் உயரும். அது போதைப்பொருள். 'மெடிசீன்' என்றே சொல்லுங்கள்.

எண்களில் நடக்கும் தவறு கண்ணில் படுவதே இல்லை. ஆங்கில பில்லியனுக்கு ஸ்வீடிஷில் 'மில்யார்ட்', நம் கணக்கில் நூறு கோடி. ஸ்வீடிஷ் 'பில்யோன்' என்பது லட்சம் கோடி. ஒரே மாதிரி ஒலிக்கும் பில்லியனுக்கும் பில்யோனுக்கும் ஆயிரம் மடங்கு வித்தியாசம். பழைய கார் விளம்பரத்தில் '12 000 மீல்' என்று பார்த்து, மைல்தானே, அதிகம் ஓடாத வண்டி என்று கிளம்பிவிடாதீர்கள். ஒரு மீல் பத்து கிலோமீட்டர், வண்டி 1,20,000 கிலோமீட்டர் ஓடியிருக்கிறது. 'ஹால்வ் ஃபெம்' என்பதை ஆங்கிலத்தின் 'ஹாஃப் ஃபைவ்' போல ஐந்தரை என்று எடுத்துக்கொள்பவர்கள் ஒரு மணி நேரம் தாமதமாக வருவார்கள். அது நாலரை.

சில இடங்களில் ஆங்கிலம் நடுவில் வராமல் இருந்தாலே வேலை சுலபம். ஸ்வீடிஷில் அம்மாவின் சகோதரி 'மூஸ்டெர்', அப்பாவின் சகோதரி 'ஃபாஸ்டெர்'. தாய்மாமன் 'மூர்ப்ரூர்', சித்தப்பாவும் பெரியப்பாவும் 'ஃபார்ப்ரூர்'. இரு பக்கப் பாட்டிக்கும் தனிப் பெயர். தமிழில் யோசித்தால் நேராகப் பொருந்துகிறது. ஆங்கிலத்துக்குப் போய் 'ஆன்ட்டி', 'அங்கிள்' என்று மழுக்கிவிட்டு, ஸ்வீடிஷில் எதைப் போடுவது என்று முழிக்கிறோம்.

மரியாதை விஷயத்தில் தமிழும் உதவாது. 'ரெஸ்பெக்டட் சார்' என்று தொடங்கும் பழக்கத்தில் 'டியர் சார்' என்பதை 'ஷாரா ஹெர்' என்று எழுதினால், முன்பின் தெரியாத அதிகாரியை அன்பே என்று அழைத்த மாதிரி ஒலிக்கும். 1960-களின் பிற்பகுதியில் இங்கே எல்லோரையும் 'டூ' என்று, அதாவது நீ என்று, அழைக்கும் பழக்கம் பரவியது. 1967-இல் தேசிய சுகாதார வாரியத்தின் தலைவர் ப்ரூர் ரெக்செட் தன் ஊழியர்கள் எல்லோரையும் அப்படித்தான் அழைப்பேன் என்று அறிவித்தது அதன் அடையாளமாகப் பேசப்படுகிறது. இன்று அரசு அலுவலகத்துக்கு எழுதும் கடிதத்தை 'ஹேய்' என்று தொடங்கினால் போதும், குறை ஒன்றுமில்லை. 'ப்ளீஸ்' என்பதற்கு 'ஸ்னெல்லா' என்று போடாதீர்கள், கெஞ்சுவது போல இருக்கும். வாக்கியத்தின் கடைசியில் ஒரு 'டாக்', அதாவது நன்றி, சேர்த்துவிடுங்கள், சரியாகிவிடும்.

இதெல்லாம் நீங்களே எழுதும் கடிதங்களுக்கு. பிறப்புச் சான்றிதழ், திருமணச் சான்றிதழ் போன்றவற்றுக்கு அங்கீகாரம் பெற்ற மொழிபெயர்ப்பாளரைக் கேட்பார்கள். அந்த அங்கீகாரத்தை வழங்குவது 'கம்மார்கொலேகியெட்' என்ற அரசு நிறுவனம், பட்டியல் அதன் இணையதளத்தில் இருக்கிறது. அலுவலகத்தில் நேரில் பேச வேண்டியிருந்தால் ஸ்வீடிஷ் தெரிந்த பிள்ளையை அழைத்துப் போகாதீர்கள். தேவைப்பட்டால் உரைபெயர்ப்பாளரை ஏற்பாடு செய்வது அலுவலகத்தின் கடமை என்று 2017-இன் நிர்வாகச் சட்டம் சொல்கிறது. நேரம் வாங்கும்போதே தமிழ் 'டோல்க்', அதாவது உரைபெயர்ப்பாளர், வேண்டும் என்று கேட்டுவிடுங்கள். கிளம்பும் நாளில் கேட்டால் ஆள் கிடைப்பது கஷ்டம்.