டப்: குரலைச் சேர்ப்பதா, எடுப்பதா?

ஜமைக்காவின் 'டப்' இசையை 'மொழிமாற்று இசை' என்று எழுதுவதை இனியும் பொறுக்க முடியவில்லை. போன வாரம்கூட ஒரு பட்டியல்: 'இரவில் கேட்க இதமான மொழிமாற்று ஆல்பங்கள்'. எந்த மொழியிலிருந்து எந்த மொழிக்காம்?

சினிமா 'டப்பிங்'குக்கும் இந்த 'டப்'புக்கும் வேர் ஒன்றுதான். 'டபுள்' சுருங்கி 'டப்' ஆனது. ஒலிப்பதிவைப் படியெடுப்பது என்று பொருள். சினிமாக்காரர்கள் அதைக் குரல் சேர்க்கும் வேலைக்கு வைத்துக்கொண்டார்கள். ஜமைக்காவில் நடந்தது நேர்மாறு. 1960களின் கடைசியில் அங்கே குரலை எடுத்துவிட்ட படிகளைத் தெருக் கொண்டாட்டங்களில் போட்டார்கள், கூட்டமே பாடிக்கொண்டது. ரேடியோ பழுது பார்த்துவந்த கிங் டப்பி, கிங்ஸ்டனில் ஒலிகளைக் கலக்கும் கலவைப் பலகையின் முன் உட்கார்ந்து அதை ஒரு கலையாக்கினார். (ஆங்கிலத்தில் அவர் Tubby, இசை dub. டப்பிக்கும் டப்புக்கும் உறவு எதுவும் இல்லை, நம் டகரம் செய்கிற குறும்பு.)

1976இல் வந்த 'கிங் டப்பிஸ் மீட்ஸ் ராக்கர்ஸ் அப்டவுன்' தொகுப்பின் தலைப்புப் பாட்டைக் கேளுங்கள். ஜேக்கப் மில்லரின் குரல் தலைகாட்டும், பாதி வரியில் அறுபடும், எதிரொலியாகக் கரையும். பாஸும் டிரம்ஸும் மட்டும் நடந்துகொண்டே இருக்கும். அதே ஆண்டின் 'கார்விஸ் கோஸ்ட்', பர்னிங் ஸ்பியரின் 'மார்க்கஸ் கார்வி' ஆல்பத்திலிருந்து குரலைப் பெரும்பாலும் உருவி எடுத்தது. பின்னிரவுக்கு இரண்டும் போதும்.

'எதிரொலி இசை' என்பார் சிலர். எதிரொலி அதில் ஒரு கருவி, அவ்வளவே; மலையடிவாரத்தில் கூவினாலும் எதிரொலிக்கும். டகரம் மொழிமுதல் வராது என்று 'தப்பிசை' கேட்கும் தூயவர்களுக்கு ஒரு வார்த்தை: தப்பு நம் ஊர்ப் பறை. அந்தப் பெயருக்கு ஏற்கெனவே உரிமையாளர்கள் இருக்கிறார்கள்.

என் கட்சி 'நீக்கிசை'. நீக்கும் இசை, நீக்கிய இசை என்று முக்காலத்துக்கும் விரியும் வினைத்தொகை. செய்யும் வேலையைச் சொல்கிறது. பிடிக்காவிட்டால் 'டப்' என்றே எழுதுங்கள், ஜமைக்காவின் ரெகே இசையை அப்படித்தானே வைத்திருக்கிறோம். அகராதியில் முதலில் கண்ட பொருளை அள்ளிப்போடும் மொழிபெயர்ப்பாளர்கள், எழுதுமுன் அந்த ஆல்பத்தில் ஒரு பாட்டாவது கேட்கக் கூடாதா? மூன்று நிமிட வேலை.