இன்னும் கொஞ்சம் முறுக்கினால் என்ன ஆகும்?

திருவொற்றியூரில் கார் பட்டறை வைத்திருக்கிறேன். வீட்டிலேயே காரைப் பார்த்துக்கொள்கிறவர்கள் மேல் எனக்குக் கோபம் ஒன்றும் கிடையாது. சொல்லப்போனால் எங்கள் பக்கத்து ஆட்கள் அடிக்கடி பானெட்டைத் திறந்து பார்க்கத்தான் வேண்டும். ஒரு பக்கம் கடலின் உப்புக்காற்று. இன்னொரு பக்கம் எண்ணூர் விரைவுச் சாலையில் துறைமுகத்துக்கு வரிசை கட்டி நிற்கும் கன்டெய்னர் லாரிகளின் புழுதி. சர்வீஸ் தேதி வரட்டும் என்று காத்திருந்தால் அதற்குள் பேட்டரி டெர்மினலில் பச்சை பூத்துவிடும்.

ஆனால் வீட்டில் கைவைத்துக் கெட்டுப்போய் வரும் வண்டிகளில் ஒரு பொதுக்குணம் பார்க்கிறேன். வேலையைக் குறைவாகச் செய்து கெடுத்தது அபூர்வம். கூடுதலாகச் செய்து கெடுத்ததே அதிகம்.

ஆயில் மாற்றுவதை எடுத்துக்கொள்ளுங்கள். பழைய ஆயிலை வடிப்பது வரை எல்லாம் ஒழுங்காக நடக்கும். டிரெயின் போல்ட்டைத் திரும்ப மாட்டும்போதுதான் ஒழுகிவிடுமோ என்ற பயம் வரும். ஸ்பேனரின் பின்னால் ஒரு இரும்புக் குழாயைச் செருகி மூச்சைப் பிடித்து முறுக்குவார்கள். பல கார்களில் ஆயில் சம்ப், அதாவது இன்ஜினுக்கு அடியில் ஆயில் நிற்கும் தொட்டி, அலுமினியம்; போல்ட் இரும்பு. எது தோற்கும் என்று சொல்ல வேண்டியதில்லை. மரை போய்விட்டால் லேத் பட்டறைக்கு அலைய வேண்டும், இல்லையென்றால் புது சம்ப்தான். ஒழுகாமல் பிடித்துக்கொள்வது போல்ட்டுக்கு அடியில் இருக்கும் வாஷர். ஆயில் மாற்றும்போதெல்லாம் அதையும் மாற்றுங்கள், பெரிய விலையில்லை. ஆயில் ஃபில்டருக்கு ஸ்பேனரே வேண்டாம். ரப்பர் வளையத்தில் கொஞ்சம் புது ஆயில் தடவி, கையால் திருகி, வளையம் உட்கார்ந்த பிறகு முக்கால் சுற்று. போதும்.

வீல் நட்டிலும் இதே கதை. வீல் ஸ்பேனர் மேல் ஏறி நின்று மிதிக்கிற பழக்கம் நம் ஊரில் ரொம்ப சகஜம். சின்னக் கார்கள் பலவற்றுக்கு வேண்டிய முறுக்கு 80 முதல் 110 நியூட்டன் மீட்டர். உங்கள் காருக்கு எவ்வளவு என்பது வண்டியோடு வந்த புத்தகத்தில் இருக்கும். 70 கிலோ ஆள் 30 சென்டிமீட்டர் நீள ஸ்பேனரின் நுனியில் ஏறி நின்றால் 200-ஐத் தாண்டும். அதாவது ஏறக்குறைய இரண்டு மடங்கு. நட் ஏறும் மரைக்கம்பியான ஸ்டட் இழுபட்டு வலுவிழக்கும். அடுத்த தடவை ராத்திரியில், மழையில், மணலி சாலை ஓரத்தில் பஞ்சராகி நிற்கும்போது அந்த நட் அசையாது. கையால் அழுத்தி, எதிரெதிர் நட்டாக மாற்றி மாற்றி இறுக்குங்கள். ஐம்பது கிலோமீட்டர் போல ஓடிய பிறகு ஒருமுறை சரிபாருங்கள். அப்புறம், கடற்கரைத் தெருக்களில் மணல் தரை என்றால் ஜாக்கிக்கு அடியில் தடிமனான பலகை வையுங்கள். வெறும் ஜாக்கியை நம்பி வண்டிக்குக் கீழே உடம்பை நுழைக்காதீர்கள். அந்த ஜாக்கி ஸ்டெப்னி மாற்றுவதற்காகக் கொடுத்தது, அவ்வளவுதான்.

ஆயில் அளவு பார்க்கும் குச்சியில் இருக்கும் மேல் கோட்டைத் தாண்டி ஊற்றினால் "எக்ஸ்ட்ரா இருக்கட்டும்ணா" என்கிறார்கள். இருக்காது. இன்ஜினுக்குள் சுற்றுகிற கிராங்க் தண்டு அதில் அடித்து நுரையாக்கிவிடும், நுரை எதற்கும் வழுவழுப்புத் தராது.

பேட்டரிக்கு வருவோம், இந்தப் பக்கத்தில் அதிகம் தொந்தரவு கொடுப்பது அதுதான். காலையில் செல்ஃப் எடுக்கவில்லை என்றதும் புது பேட்டரி வாங்க ஓடாதீர்கள். பாதி நேரம் டெர்மினலில் படிந்த உப்பும் பச்சையும்தான் காரணம். முதலில் நெகட்டிவைக் கழற்றுங்கள், மாட்டும்போது அதைக் கடைசியில் மாட்டுங்கள். வரிசையை மாற்றி, பாசிட்டிவில் இருக்கும் ஸ்பேனர் பாடியில் பட்டால் தீப்பொறி பறக்கும். சார்ஜ் ஆகும் பேட்டரியிலிருந்து ஹைட்ரஜன் வாயு வரும் என்பதால் அது விளையாட்டில்லை. வெந்நீரில் சமையல் சோடா கரைத்து பழைய பிரஷ்ஷால் தேய்த்து, பேட்டரிக்குள் இறங்காமல் துடைத்து, காயவைத்து மாட்டுங்கள். மேலே கொஞ்சம் வாசலின் தடவினால் உப்புக்காற்று சீக்கிரம் ஏறாது. டெர்மினல் ஈயம், மிருதுவான உலோகம், இங்கேயும் பலத்தைக் காட்ட வேண்டாம். கையில் மல்டிமீட்டர் இருந்தால், இரவு முழுக்க நின்ற வண்டியில் 12.6 வோல்ட் காட்டினால் பேட்டரி நிறைவாக இருக்கிறது, 12.2 என்றால் பாதிதான். இன்ஜின் ஓடும்போது வழக்கமாக 13.8 முதல் 14.5 வரை வர வேண்டும். வராவிட்டால் பேட்டரியை சார்ஜ் செய்யும் ஆல்டர்னேட்டர் பக்கம் சந்தேகப்படுங்கள்.

ரேடியேட்டர் விஷயத்தில் இரண்டே வார்த்தை. சூடாக இருக்கும்போது மூடியைத் தொடாதீர்கள், அழுத்தம் விட்ட நொடியில் உள்ளே இருப்பது கொதித்து முகத்தில் அடிக்கும். போர் தண்ணீர் ஊற்றாதீர்கள். மீஞ்சூர் பக்கம் நிலத்தடி நீரில் கடல்நீர் கலந்தது ஊரறிந்த சேதி, அந்த உப்பு ரேடியேட்டரையும் விடாது.

கடைசியாக மழை. வியாசர்பாடி ஜீவா சுரங்கப்பாதையில் தண்ணீர் நிற்பது நமக்குப் பழக்கம். தண்ணீருக்குள் வண்டி அணைந்துபோனால், இன்னொரு தடவை செல்ஃப் அடித்துப் பார்ப்போம் என்ற ஆசைதான் இன்ஜினைக் கொல்கிறது. காற்று போகிற வழியாக சிலிண்டருக்குள் தண்ணீர் ஏறியிருந்தால், பிஸ்டன் மேலே வரும்போது அதை அழுத்த முடியாது. தண்ணீர் சுருங்காது, பிஸ்டனைத் தாங்கும் கனெக்டிங் ராடு வளையும். 2015 டிசம்பர் வெள்ளத்திலும் 2023 டிசம்பர் மிக்ஜாம் புயலிலும் மூழ்கிய வண்டியை, தண்ணீர் வடிந்ததும் சாவி போட்டுப் பார்த்தவர்கள் நிறைய. சாவியைத் தொடாமல், நெகட்டிவைக் கழற்றிவிட்டு, இழுத்துக்கொண்டு வாருங்கள். மிக்ஜாமின்போது எர்ணாவூர் பக்கம் எண்ணெய் கலந்த வெள்ளம் புகுந்ததே, அந்தப் பிசுக்கைப் போக்க மண்ணெண்ணெயால் துடைத்தால் ஹோஸ், புஷ் மாதிரி ரப்பர் சாமான்கள் ஊதிக் கெட்டுவிடும். ஷாம்புத் தண்ணீர் போதும், நாலைந்து முறை கழுவ வேண்டியிருக்கும்.

தண்ணீர் எந்த உயரம் வரை வந்தது என்று கதவிலும் சீட்டிலும் தெரியும் சேற்றுக் கோட்டைக் கழுவுவதற்கு முன்பே போட்டோ எடுத்து வையுங்கள், இன்சூரன்ஸ் சர்வேயர் அதைத்தான் கேட்பார். சாதாரண பாலிசியில், மூழ்கிய வண்டியை ஸ்டார்ட் செய்து இன்ஜின் போனால் பெரும்பாலும் பணம் வராது. அதற்கு இன்ஜின் புரொடெக்ட் என்று தனியாகச் சேர்க்க வேண்டும். பாலிசியைப் புதுப்பிக்கும்போதே அது இருக்கிறதா என்று கேட்டுக்கொள்ளுங்கள்.